கோணல் மனை

மாமனாருக்கு ஒரு கால் விழுந்துபோனதிலிருந்து கூடம்தான் அவருடைய அறை. மாடிக்கு ஏற முடியாது. கீழே கட்டில், கட்டிலை ஒட்டி ஒரு திரை, திரைக்குப் பின்னால் கழிப்பறை நாற்காலி. யாராவது வீட்டுக்கு வந்தால் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மருமகள் பக்கவாட்டில் ஓர் அறையும் குளியலறையும் கட்டக் கிளம்பினாள்.

மதில் ஓரம் ஐந்தடி இடம் விட வேண்டும் என்பது விதி. அறை கட்டினால் மூன்றடிதான் மிஞ்சும். அதனால் விதிவிலக்கு கேட்டு மனு போட்டாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள் அவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே கட்டட அனுமதி அலுவலகம், சாயங்காலம் மறுபடி வேன் என்று அலைந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைந்தது. கடைசியில் எல்லாத் தாளும் சேர்ந்தபோது அதிகாரி காரணத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாமனாருக்கு முடியலன்னு எழுதியிருக்கீங்க. அது செல்லாதும்மா. கஷ்டம் மனுஷனுக்கு இருந்தாப் போதாது, மனைக்கு இருக்கணும்."

"மனைக்கு என்ன சார் கஷ்டம் வரும்? மூட்டுவலியா?"

"நான் என்னம்மா பண்றது, விதி அப்படி" என்றார் அவர், நிஜமாகவே வருத்தத்தோடு. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துவதற்குக்கூட ஆள் அகப்படவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான் புருஷன். அன்று அவனுக்குக் காபி கிடைக்கவில்லை.

வழி காட்டியது மேஸ்திரிதான். டேப்பை இழுத்து அளந்து பார்த்தவர், "அக்கா, வரைபடத்துல நேரா போட்டிருக்காங்க. ஆனா மனை பின்னால போகப்போக ஒடுங்குது. மதிலே கோணல்" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த மனையில் குறை இருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவள் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

மாமனாருக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. "யாரு கோணல்னு சொன்னது? நான் பாத்துப் பாத்து வாங்கின மனை!"

மனை கோணல் என்று காரணத்தை மாற்றி எழுதிக் கொடுத்தாள். விதிவிலக்குக் குழு அதை விசாரித்த நாளில் அவரையும் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனாள். அவரைப் பார்த்தாலாவது குழுவுக்கு மனம் இளகாதா என்ற நப்பாசை. குழுத் தலைவி மரியாதையாகத்தான் கேட்டார்: "ஐயா, வாங்கும்போதே மனை கோணலாத்தான் இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா. முதல்தரமான மனை!"

நேரில் அளந்து பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்லித் தள்ளிவைத்தார்கள். வீட்டு வாசலில் அவள் வெடித்துவிட்டாள்.

"யாருக்காக மாமா நான் நாயா அலையறேன்? எனக்கா அந்த ரூம்?"



அளக்க வந்தவர் சொல்லிக்கொள்ளாமல் வந்து நின்றார். பக்கவாட்டு வழியை மேஸ்திரி இறக்கிவைத்த செங்கல் அடைத்துக் கிடந்ததால், பின்பக்கம் போகக் கூடத்தைத் தாண்ட வேண்டும். மாமனாரோ அப்போதுதான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் வெளியில நில்லுங்க சார்" என்று அவள் கையைப் பிசைந்தாள். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு வீடு போக வேண்டும் என்றார், வேறொரு நாள் வருகிறேன் என்று வாசல் பக்கம் திரும்பினார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சார், போயிடாதீங்க. உள்ள வாங்க, பரவாயில்ல. போய் அளந்து பாருங்க. கோணல்தான். வாங்கும்போதே தெரியும் எனக்கு."

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்தபடியே கூடத்தைக் கடந்து போனார்.

அனுமதி வந்தது. ஆனால் கேட்ட அகலத்தில் ஓர் அடி வெட்டிவிட்டார்கள். அந்த அகலத்தில் கட்டிலைப் போட்டால் குளியலறைக் கதவு திறக்காது. தாளைக் கசக்கி எறியலாம் போலிருந்தது அவளுக்கு. மறுபடி மனு போட்டால் மறுபடி அதே வாசல், அதே வரிசை.

"தள்ளுகதவு போட்டுக்கலாம் அக்கா" என்றார் மேஸ்திரி.

"போடுங்க. நாளைக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. வேனுக்கு நேரமாகிவிட்டிருந்தது.