பெப்போவின் மதியத் தூக்கம்

காலை ஒன்பதேகால். நீவெஸ் தர்பூசணித் துண்டின்மேல் உப்பைத் தூவி நின்றபடியே சாப்பிட்டாள். மூன்று துண்டு. காபியைத் தொடவில்லை. காபி குடித்துவிட்டுக் கரடி வேஷத்துக்குள் போனால் பத்தாவது நிமிடம் நெஞ்சு படபடக்கும். நாலு கோடைக்காலம் பொழுதுபோக்குப் பூங்காவில் கரடியாக நடந்ததில் தெரிந்துகொண்டது.

கரடியின் தலை மேஜைமேல் இருந்தபடி சிரித்துக்கொண்டிருந்தது. பெயர் பெப்போ. பழுப்பு ரோமம், நீல டை, உள்ளே கனத்த பஞ்சு. மொத்தம் பதினொரு கிலோ.

லோரிஸ் ஐஸ் பெட்டியிலிருந்து உறைந்த பைகளை எடுத்து அவளுடைய உள்சட்டையில் செருகினான். முதுகில் நாலு, மார்பில் இரண்டு. ஓடு தொழிற்சாலை மூடும்வரை சூளையடியில் வேலை பார்த்தவன். ஐம்பத்தெட்டு வயதில் இப்போது கரடிக்குத் துணை. கரடிக்குத் தன் கால் தெரியாது. வாய் ஓட்டையில் இருக்கும் வலை வழியாகத்தான் பார்வை, மூச்சு எல்லாம். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

"ஹனான் வரலையா?" என்று கேட்டாள் நீவெஸ்.

"வர மாட்டா. நேத்தே ஆபீஸ்லேருந்து மெசேஜ் அனுப்பிட்டாங்களாம். 'நல்லா ஓய்வெடுங்க, அக்டோபர்ல உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்'னு."

"என்னா அக்கறை!"

ஹனானும் நீவெஸும் ஒரே கரடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்பவர்கள். நேற்று குடை ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஹனான் அப்படியே மடங்கி விழுந்தாள். குழந்தைகள் அழுதன. விழுந்ததைவிட, குழந்தைகளுக்கு எதிரே தலையைக் கழற்றியதுதான் குற்றமாகப் போயிற்று.

காத்தியா உள்ளே வந்தாள். முப்பது வயது மேற்பார்வையாளர், கையில் அக்டோபர் பட்டியல்.

"இன்னிக்கு ஒருநாள் நீங்களே பாத்துக்கணும் நீவெஸ். கரடிக்குள்ள இருபத்தஞ்சு நிமிஷம், வெளிய இருபது. ஏழு மணி வரைக்கும். முடியும்ல?"

"முடியும்."

வேறென்ன சொல்வது? அக்டோபரில் பூசணி விழாவுக்குப் பூங்கா மறுபடி திறக்கும். அந்த ஐந்து வாரம் சேர்ந்தால்தான் குளிர்காலம் முழுக்க அரசின் வேலையில்லா உதவி கிடைக்கும். சேராவிட்டால் நவம்பரிலிருந்து ஈஸ்டர்வரை வெறுங்கை.

விழக் கூடாது. இன்றைக்கு அவ்வளவுதான் வேலை.

ஆகஸ்ட் பதினைந்து ஃபெராகோஸ்தோ விடுமுறை என்றால் நாடே கதவைப் பூட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடும். கடலுக்குப் போகாதவர்கள் எல்லாம் இங்கே வந்திருந்தார்கள். லோரிஸ் நிழலைக் கணக்குப் போட்டு அவளை நடத்தினான். பதினொரு மணிக்கு டிக்கெட் கட்டடத்துச் சுவரோரம். பன்னிரண்டுக்குப் பேய் வீட்டின் பின்புறம். அங்கே ஏ.சி.யின் கசிவுக் காற்று கொஞ்சம் வரும். கையசைக்கும்போது நீவெஸ் முழங்கைக்குக் கீழே மட்டும் அசைத்தாள். மண்டியிடவே இல்லை, மண்டியிட்டால் எழுந்திருக்க வேண்டுமே.

"பெப்போ ஆடு! பெப்போ குதி!"

"பெப்போவுக்கு மூட்டுவலி ராஜா" என்றான் லோரிஸ். "ஃபோட்டோ வேணும்னா எடுத்துக்கோ, இலவசம்."

இரண்டேகாலுக்கு வெயில் முப்பத்தெட்டைத் தாண்டியது. ஐஸ் பைகள் வெந்நீர்ப் பைகளாகியிருந்தன. பெர்கமோவிலிருந்து வந்த குடும்பம், மொத்தம் பதினாலு பேர், ஒவ்வொருவராகக் கரடியோடு படம் எடுத்துக்கொண்டது. உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியை ஊர்வல வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. நீவெஸின் கண்ணோரம் இருண்டது. லோரிஸின் கையை இரண்டு தரம் அழுத்தினாள்.

ஒரு தரம் அழுத்தினால் தண்ணீர். இரண்டு என்றால், இனி முடியாது.

அவன் சுற்றிலும் பார்த்தான். பதினைந்து அடியில் எலுமிச்சை ஐஸ் விற்கும் வண்டி. அதன் பின்னால் பெரிய மரம், அடியில் பெஞ்சு. அவளை அங்கே தள்ளிக்கொண்டுபோய் உட்கார வைத்தான். கரடி மெல்லச் சாய்ந்து நீட்டிப் படுத்துவிட்டது.

"அம்மா! கரடி செத்துப்போச்சா?" என்றான் ஒரு பொடியன்.

"சேச்சே!" லோரிஸ் சட்டென்று விரலை உதட்டில் வைத்தான். "இன்னிக்கு ஃபெராகோஸ்தோ இல்லையா? நல்லா சாப்பிட்டுட்டு உங்க தாத்தா என்ன பண்ணுவாரு?"

"குறட்டை விடுவாரு."

"அப்ப சத்தம் போட்டா?"

"செருப்பு பறந்து வரும்."

"இங்கேயும் அதேதான்."

மதியம் இரண்டிலிருந்து நாலுவரை சத்தம் போடக் கூடாது என்பது அங்கே அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டப்பட்ட சட்டம். ஐஸ் வண்டியைச் சுற்றி நின்றவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு பெண் குழந்தை தாலாட்டை முணுமுணுத்தது. வேறு இரண்டு குழந்தைகள் சேர்ந்துகொண்டன.

நீவெஸ் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். வலை வழியாகக் காற்று வந்தது, மரத்தடிக் காற்று. கரடிக்குள்ளிருந்து நாலு வருடத்தில் முதல்முறையாக இலைச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு நிமிடம் அப்படியே கிடந்தாள். நெஞ்சுத் துடிப்பு சீரானது. பிறகு எழுந்து சோம்பல் முறித்தாள். கைதட்டல்!

அறைக்கு வந்து தலையைக் கழற்றியதும் இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"செத்துப்போச்சான்னு கேட்டானே, அந்தப் பொடியன்..."

"பாதி சரியாத்தான்யா கேட்டான்." உப்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "லோரிஸ், இப்படியே ரெண்டு தரம் படுத்தா ஏழு மணியைத் தொட்டுருவேன்."

கதவு திறந்தது. காத்தியா. கையில் செல்போன், முகமெல்லாம் பூரிப்பு.

"எல்லாரும் வீடியோ போட்டுட்டிருக்காங்க! யாரோட யோசனை இது? சூப்பர்! மேலேருந்து டைரக்டரே கூப்பிட்டாரு."

லோரிஸ் தலையைச் சொறிந்தான்.

"நாலு மணிக்கு, அஞ்சரைக்கு, தினமும் ரெண்டு காட்சி வச்சுடலாம். இருபது இருபது நிமிஷம். பலகை எழுதச் சொல்லிட்டேன்."

"நல்லதுதான்" என்றாள் நீவெஸ். "அது முடிஞ்சதும் எப்ப வெளிய வரலாம்?"

"வெளிய எதுக்கு? அதான் படுத்துக்கிட்டுதானே இருக்கீங்க. அதுவே ஓய்வுதானே?" காத்தியா அக்டோபர் பட்டியலைத் திருப்பி ஏதோ எழுதினாள். "எழுந்ததும் நேரா ஃபோட்டோ, ஊர்வலம். ஹனான் பேர் இருந்த இடத்துல முதல் பேரா உங்க பேரைப் போட்டிருக்கேன், பாருங்க."

அவள் போனபின் லோரிஸ் கதவைச் சாத்தினான்.

"நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்."

"இருந்திருந்தா அங்கேயே விழுந்திருப்பேன். ஐஸ் பையை எடு."

நாலு மணி. மரத்தடியில் கூட்டம் கொள்ளாது என்று பெஞ்சை நீரூற்று மைதானத்தின் நடுவே தூக்கிப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் கயிறு. தரைக் கல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. இருநூறு பேருக்குமேல் இருப்பார்கள். தொப்பி வைத்தவர்கள், குடை பிடித்தவர்கள், குழந்தையைத் தோளில் ஏற்றியவர்கள்.

கரடி கொட்டாவி விட்டது. படுத்தது. காத்தியா ஜாடை காட்ட, நீரூற்றை நிறுத்தினார்கள். ஐஸ்காரன் மணியைக் கையால் பொத்திக்கொண்டான். மைதானத்தில் ஒரு சத்தமில்லை.

பத்து நிமிடம் போயிற்று. பழுப்பு வயிறு ஏறி இறங்கியது. வேகமாக. இன்னும் வேகமாக. லோரிஸ் காத்தியாவைப் பார்த்தான். அவள் கடிகாரத்தைக் காட்டிப் பத்து விரலையும் விரித்தாள்.

கயிற்றோரம் நின்ற சிறுவன் அம்மாவின் கையை இழுத்தான்.

"அம்மா, பாரேன். அதுக்கு மூச்சு வாங்குது."

"ஷ்ஷ்" என்றாள் அவள், செல்போனை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டி. "கனவுல ஓடுதுடா. எழுப்பிடாதே."