டிக்கி வரை ஒரு ஒயர்

"வந்திச்சா?"

"இல்ல."

"இப்போ?"

"இப்பவும் இல்ல."

மாருதியின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கால்களை வெளியே நீட்டியபடி, தாவீது சிவப்பு ஒயரைக் கார்ப்பெட்டுக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். பேட்டரியிலிருந்து அது டிக்கிக்கு வர வேண்டும். அங்கே ஆம்ப்ளிஃபயர் திருகி முடுக்கப்பட்டுத் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்தபடி, ஒயரின் முனை எட்டிப்பார்க்கிறதா என்று குனிந்து நின்றாள் ரெபேக்காள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்தியது போதாதென்று சனிக்கிழமை இந்த வேலை.

"இருக்கிற கேசட்டு நல்லாத்தானே பாடுது. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"ஈசிஆர்ல ஜன்னலைத் தொறந்தா காத்து மட்டுந்தான் பாடுது. நாளிக்கு சர்ச் முடிஞ்சி மகாபலிபுரம் போறோம், அப்போ கேளு. இப்போ வந்திச்சா?"

மீன் குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வாசல்வரை வந்துவிட்டது.

"வந்திச்சி, வந்திச்சி! ஆள வுடு" என்று டார்ச்சை ஆம்ப்ளிஃபயர் மேல் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஒயர் வரவில்லை.

குழம்பை வேறு சட்டிக்கு மாற்றி, அப்பளம் பொரித்து, அரை மணி கழித்து வெளியே வந்தாள். பின்சீட்டைக் கழற்றியிருந்த இடத்தில், வெறும் தகரத்தின் மேல் தாவீது கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்தது.

"தூங்கறதுக்கு இதான் எடமா?" என்றாள்.

பேட்டரி கழற்றிக் கிடந்ததால் ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கழற்றிய பின்சீட்டு கூடத்திலேயே கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் மும்மூன்று பேராக அதில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, மாரடைப்பு வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"குனிஞ்சிகினே இருந்தாராமே. அதான் நெஞ்சை அமுக்கிடுச்சி" என்றாள் அடுத்த வீட்டு சகுந்தலா.

வராத ஒயரை வந்ததாக நம்பி அவர் எத்தனை முறை குனிந்து தேடியிருப்பார்? ஜெபம் நடக்கும்போதும், மண் போடும்போதும் ரெபேக்காளுக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், அவர் தம்பி ஜெபசிங் காரில் கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்ட வந்தான். அவன் கார்ப்பெட்டைத் தூக்கியபோது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சொல்லிவிட்டாள்.

"வந்திச்சின்னு பொய் சொன்னேன் ஜெபா. அதை நம்பித்தான் அவரு..."

"நம்பல அண்ணி." அவன் நிமிரவில்லை. "அண்ணன் கார்லேர்ந்தே செல்லுல எனக்கு போன் பண்ணிச்சி. 'உங்க அண்ணி ஃப்ராடுடா. வந்திச்சின்னு சொல்ட்டு ஓடிட்டா'ன்னு ஒரே சிரிப்பு. சாயங்காலம் வந்து தள்றேன்னு சொன்னேன்."

ரெபேக்காள் கதவை விட்டுவிட்டு அவன் பக்கம் குனிந்தாள்.

"தெரிஞ்சிகினா சிரிச்சாரு?"

"ஆமா."

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிடல? நாலு தப்படில அடுப்படி. 'ஏய், வரலடி'ன்னு ஒரு சத்தம் குடுத்தா வந்திருக்க மாட்டேனா? உனுக்கு போன் பண்ணத் தெரியுது, கட்டினவளைக் கூப்பிடத் தெரியாதா? இன்னா மனுசன்யா!"

கூடத்துப் பேச்சு நின்றது. பின்சீட்டிலிருந்து யாரோ எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

ஜெபசிங் ஒயரைக் கை மாற்றி மாற்றி உருவிக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தி, கார்ப்பெட்டின் நீளத்தைக் கண்ணால் அளந்தான்.

"இது எப்டி அண்ணி வரும்? பானட்லேர்ந்து எறங்கணும், கதவோரமா போவணும், சீட்டு மேல ஏறணும். ஒரு முழம் பத்தாது. நாள் பூரா தள்ளினாலும் வராது."

சுருட்டுவதற்காக அதைக் காரின் ஓரமாகத் தரையில் நீட்டிப் போட்டான். முன் பம்பரில் தொடங்கிப் பின் பம்பரில் முடிந்தது. ஒரு விரற்கடை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.