பிரேக் கத்திய இரண்டு வாரம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்கா சொன்னாள், நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னுடையது. பிரேக் அவளுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை ஓய்ந்த ஒரு காலையில், ஏதோ ஒரு பறவை...’

வேண்டாம். பறவை இல்லை. கீச்சிட்டது பிரேக்தான்.

2

அக்காவின் கார் இரண்டு வாரம் கத்தியது. ஒவ்வொரு முறையும் அத்தானிடமிருந்து ஒரே பதில்: “ஈரத்துல துரு படிஞ்சிருக்கும். நாலு தடவ மிதிச்சா போயிடும்.”

(அத்தானை முட்டாளாக்கிவிட ஆசைதான். முடியவில்லை. பாதி உண்மை அது: ஈரத்தில் படிந்த துரு அப்படித்தான் போகும். மத்தியான வெயிலிலும் கத்தினால் அது துரு அல்ல.)

மூன்றாவது வாரம் கீச்சொலி நின்றது. “பாத்தியா?” என்றார் அத்தான். கீச்சொலிக்குப் பதிலாகக் கல்லை அரைப்பதுபோல ஒரு கரகரப்பு. காதைக் குத்தவில்லை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

3

பள்ளிக்கூடம் ஓர் இறக்கத்தின் அடியில் இருக்கிறது. பின்சீட்டில் ஏழு வயது மகள், பாப்பா. இறக்கத்தில் அக்கா பிரேக்கை மிதித்தாள். பெடல் அதிர்ந்ததே தவிர வேகம் அடங்கவில்லை. எதிரே பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். கியரைக் குறைத்தாள்; கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள்; ஓரத்து மண்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினாள்.

“அம்மா, ஸ்கூல் அங்க இருக்கு” என்றாள் பாப்பா.

(இங்கே கார் கத்தியதையும் அக்கா கத்தாததையும் சேர்த்து ஓர் உவமை வைத்திருந்தேன். “நான் என்ன காரா?” என்றாள். அடித்துவிட்டேன். அக்காவை அல்ல, வரியை.)

4

மெக்கானிக் அம்மா சக்கரத்தைக் கழற்றினார்.

“சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கைப் பிடிச்சு நிறுத்துறது இந்தப் பேட். தேஞ்சா கத்தணும்னே இதுல ஒரு சின்னத் தகடு இருக்கும்மா. கத்தினப்பவே வந்திருந்தா பேட் மாத்துறதோட போயிருக்கும். இப்ப இரும்பும் இரும்பும் உரசி டிஸ்க்கையே தின்னுடுச்சு.”

இரண்டையும் மாற்றினார். பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள் அக்கா.

5

முடிவு ஒன்று: அத்தான் மன்னிப்புக் கேட்கிறார். (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு இரண்டு: அக்கா கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு... இல்லை, சாவி எப்போதும் அவளிடம்தான்.

நடந்தது இது. டிஸ்க்கில் விழுந்திருந்த பள்ளத்தில் அத்தான் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“பாப்பா வண்டில இருந்தாளா?”

“இருந்தா.”

அப்புறம் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “அது எங்களுக்குள்ள” என்றாள் அக்கா. ஆகவே நான் எழுதப்போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அவரை அழவைக்க மட்டும் வேண்டாம். அக்கா ஒப்புக்கொள்ள மாட்டாள்.