டெர்ஹோர்ஸ்ட் வீட்டுக் கெண்டை

எங்கள் ஊரில் குண்டு விழுந்த நாளை மீன் சாப்பிட்டுக் கொண்டாடுவோம். கொண்டாடுவோம் என்று சொன்னால் பாதிரியாருக்குப் பிடிக்காது, நினைவுகூர்வோம் என்று சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் தட்டில் இருப்பது மீன்தான்.

1944 நவம்பரில் ஒரு சாயங்காலம் பிரிட்டிஷ் விமானங்கள் வந்து கால்வாய்க் கரையை உடைத்தன. படகுக்காரர் இருவர் செத்தார்கள், அவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். கால்வாய்த் தண்ணீர் மொத்தமும் எங்கள் பக்கத்து வீட்டு எங்கல்பெர்ட் டெர்ஹோர்ஸ்டின் புல்வெளியில் பாய்ந்தது. மறுநாள் விடிந்தால், சேற்றில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. யுத்தகாலம், உருளைக்கிழங்குக்கே வழியில்லை. ஊரே வாளியோடு ஓடியது. நானும் ஓடினேன், அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

எங்கல்பெர்ட் ஒரு பெரிய கெண்டையைப் பிடித்துத் துணி துவைக்கும் தொட்டியில் விட்டு வைத்தார். மனைவி லிஸ்பெத் பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, மீன் அவளுக்காக. அடுத்த நாள் காலையில் தொட்டியில் தண்ணீர்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவர் கண்ணில் ஊரே திருட்டு ஊர். நாற்பது வருஷமாக நினைவு விருந்துக்கு வந்ததில்லை. முதலில் நாலு கிலோவாக இருந்த அந்த மீன், கோபத்தோடு சேர்ந்து வளர்ந்து இப்போது பதினொரு கிலோவாகிவிட்டது. எங்கள் வீட்டோடு மட்டும் பேசுவார். “இந்த ஊர்ல மனுஷின்னா உங்கம்மா ஒருத்திதான். அந்த நிலைமையிலயும் எங்களுக்கு சூப் குடுத்தனுப்பினா” என்பார்.

ஆனால் சவப்பெட்டி விஷயத்தில் எங்களுக்கும் விலக்கில்லை. இங்கே யார் செத்தாலும் அக்கம்பக்கத்தார்தான் பெட்டி தூக்க வேண்டும். உறவுக்காரனுக்குக்கூட அந்த உரிமை கிடையாது. போன வசந்தத்தில் லிஸ்பெத் இறந்தபோது அவர் டவுனிலிருந்து முன்பின் தெரியாத ஆறு பேரைக் கூட்டிவந்தார். பெட்டி தூக்கக் கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு போன என் கணவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். ஒருவனைக் கூப்பிட்டால் மிச்சத் திருடர்களையும் கூப்பிட வேண்டுமாம். தன் பெட்டிக்கும் அதே ஆறு பேர்தான் என்று சொல்லிவிட்டார். அவருக்கு வயது எழுபத்துநாலு, நெஞ்சுவலி வேறு.

எனக்குத்தான் தூக்கம் போனது. அந்த மீன் எங்கே போனது என்று உயிரோடிருப்பவர்களில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் கண்ணை மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஆனால் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன்.

நாற்பதாவது ஆண்டு விருந்துக்கு இங்கிலாந்திலிருந்து பிக்கர்ஸ் என்று ஒருவர் வந்தார். அன்று குண்டு போட்ட விமானமொன்றில் இருந்தவராம். உயரமான, கூச்சப்படுகிற மனிதர். கரை உடைந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். யுத்தம் முடிந்து பிரிட்டிஷ் ராணுவ கேன்டீனில் மூன்று வருஷம் தட்டுக் கழுவியவள் என்பதால் மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி கெட்ட வார்த்தை.

எங்கல்பெர்ட் வேலியோரம் நின்றிருந்தார். பிக்கர்ஸ் தொப்பியைக் கழற்றி, நாற்பது வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னார். வந்தது ஒரே வாக்கியம், மன்னித்துவிடுங்கள் என்று. அதை நான் எங்கள் மொழியில் சொன்னேன்.

“அவன் மேல எனக்கென்ன கோவம்? அனுப்புனாங்க, வந்தான்” என்றார் எங்கல்பெர்ட். “என் மீனை எடுத்தவன்தான் இன்னும் மன்னிப்பு கேக்கல.”

நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். பிக்கர்ஸ் குழம்பிப்போனார். பிறகு, மிகுந்த மரியாதையோடு, மீனுக்காகவும் தான் வருந்துவதாகச் சொன்னார்.

அதைக் கேட்டதும் எங்கல்பெர்ட் என் பக்கம் திரும்பினார். “பாத்தியா ஹெட்விக்? கடல் தாண்டி இருக்கிறவன் வந்து கேக்குறான். பக்கத்துல இருக்கிறவனுக்கு வாய் வரல.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. லிஸ்பெத் என்னை மன்னிக்கட்டும்.

“மாமா, அதை நாங்கதான் தின்னோம். லிஸ்பெத் அத்தைதான் குடுத்தாங்க.”

நான் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அப்பா ரஷ்யப் போர்முனையில் காணாமல் போயிருந்தார், வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். சேற்றில் எனக்குக் கிடைத்தது விரல் நீள மீன்கள்தான். பிள்ளை பெற்ற உடம்போடு லிஸ்பெத் அன்று ராத்திரி எங்கள் பின்கட்டுக்கு வந்து, ஈரச்சாக்கில் சுற்றிய கெண்டையை என் கையில் போட்டாள்.

“யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினாங்க மாமா. ‘அவரு கோவப்பட்டா ஊரு மேல கோவப்படட்டும். ஊரு பெருசு, தாங்கிக்கும். நான் ஒருத்தி எங்கிருந்து தாங்குறது’ன்னாங்க.”

எங்கல்பெர்ட் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். “அன்னிக்குக் காலையில ‘எந்தப் படுபாவி எடுத்தான்’னு மொதல்ல கத்துனதே அவதான்” என்றார். சிரிப்பு வந்தது அவருக்கு. அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது.

லிஸ்பெத் என்ற பெயரும் அழுகையும் மட்டும் புரிந்த பிக்கர்ஸ் வெளிறிப்போய், எங்கல்பெர்ட்டின் மனைவி அன்று குண்டில் இறந்தாரா என்று கேட்டார். இல்லை, போன ஏப்ரலில், எழுபது வயதில், தூக்கத்தில் என்றேன். பாவம், நிம்மதிப்படுவதா துக்கப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கல்பெர்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “முழுசையும் நீங்களே தின்னுட்டீங்களா?”

“தலையையும் வாலையும் சூப் வச்சு அம்மா உங்களுக்குக் குடுத்தனுப்பினாங்களே. நீங்க ரெண்டு கிண்ணம் குடிச்சீங்க.”

அவர் வீட்டுக்குள் போய், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“விருந்துல இந்த இங்கிலீஷ்காரனை எனக்குப் பக்கத்துல உக்கார வை” என்றார். “என் பெட்டி தூக்க நம்ம ஊர்லயே ஆறு பேர் வேணும். நல்லா தின்னுறவனாப் பாத்து நானே எடுத்துக்குறேன்.”