இசபெல்லா திருப்பிக் கேட்ட பரங்கிக்காய்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையின் ஒரு பத்தையை நான் சாம்பாரில் போட்டுத் தின்றுவிட்டேன். நன்றாக இருந்தது. அது கதை என்று அப்போது எனக்குத் தெரியாது. பரங்கிக்காய் என்றுதான் நினைத்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "தங்கவயலின் சயனைடு மேட்டின் மேல் செந்நிறச் சூரியன்..." சீ! இந்த ஊரைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சுரங்கக் கழிவு மேட்டில் ஏறித்தான் ஆரம்பிக்கிறார்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: "கதிரியக்கம் ஊறிய அந்த மண்ணில் ரெபேக்கா..." இதை ரெபேக்காவே அடித்துவிட்டாள். கோரமண்டல் லைன் என்னும் பழைய சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில் எனக்குப் பக்கத்து வீடு. தினமும் ரயிலேறி பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள்.

"இன்னாண்ணே எழுதிக்கினு கீறீங்க? நம்ம மண்ணுல கதிரியக்கம்னு நான் எப்ப சொன்னேன்? உங்க கதைக்காக ஊர்க் காய எவனும் வாங்காம போவணுமா?"

அவள் சொன்னது வேறு. எங்கோ அணு உலை விபத்து நடந்தால் மண்ணில் சீசியம் தங்கிவிடும். வேர் அதைப் பொட்டாசியம் என்று நம்பி உறிஞ்சிக்கொள்ளும். அப்படிச் சுலபமாக ஏமாறாத ஒரு பரங்கியை அவள் தேடுகிறாள். குறைவாக உறிஞ்சும் செடியைப் பொறுக்கி, அதன் விதையை விதைத்து, மறுபடி பொறுக்கி... நான்கு வருடம். ஆய்வுக்கூடத் தொட்டிகளில் இருந்த கொடிகள் நோயில் போயின. வீட்டு முற்றத்தில் வைத்த ஒன்று மட்டும் பிழைத்து, ஒரே ஒரு காய் காய்த்தது.*

(* தொட்டிகளில் கலப்பது கதிரியக்கமில்லாத சீசியம்தானாம். வீட்டு மண்ணில் அதுவும் கிடையாது, நீங்கள் தின்றதற்குப் பயப்பட வேண்டாம் என்றாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கதையில் விஷம் இருந்தால் எழுதுகிறவனுக்கு வசதி.)

3

ரெபேக்காவின் அம்மா இசபெல்லாவை வில்லியாக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். முடியவில்லை.

சபையில் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததில் முதலானதைக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ரெபேக்கா அந்த வாரம் வெளியூரில். மகளின் உழைப்புக்கு ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்று, மகள் காம்பில் கட்டியிருந்த அடையாளச் சீட்டை அறுத்துப்போட்டு, காயைத் துடைத்து, இசபெல்லா அதைக் காணிக்கையாகக் கொடுத்தார்.

ஏலத்தில் எடுத்தவர் எங்கள் லைனிலேயே இருக்கும் மாணிக்கராஜ். ஆசீர்வாதம் ஒரு வீட்டோடு நிற்கக் கூடாது என்று பத்தை போட்டுப் பதினோரு வீட்டுக்கும் கொடுத்தார். ஏழாவது வீடு என்னுடையது.

4

ரெபேக்கா ஊரிலிருந்து வந்து வெறும் காம்பைப் பார்த்தபோது அவள் முகம்... [இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதினேன். மூன்றும் பொய்.]

"மம்மி, அது விதைக்காய்" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் இசபெல்லா தாங்கியிருப்பார்.

அன்று மாலையே இசபெல்லா வீடு வீடாகப் போனார். ஆண்டவருக்குக் கொடுத்ததை எங்கள் சபையில் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அவமானம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. என் வாசலிலும் வந்து நின்றார்.

"பிரதர், குடுத்தத கேக்கறாளேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. விதை எதுனா மிச்சம் கீதா?"

குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னேன்.

"போட்டா இன்னா? போய்க் கிளறுங்க!" என்றாள் என் மனைவி எலைன்.

கிளறினேன். மூன்று விதை. இந்தக் கதையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பதினோரு வீட்டிலும் சேர்த்துப் பதினான்கு தேறியது. முளைத்தவை ஐந்து. ஐந்துமே இசபெல்லாவின் முற்றத்தில் கொடி ஓடின.

5

முடிவு (அ): ஐந்தும் கருகிவிடுகின்றன. இப்படி எழுதினால் இலக்கியம் என்பார்கள். போங்கய்யா!

முடிவு (ஆ): ரெபேக்காவுக்கு மேடை, விருது, மாலை... வேண்டாம், எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நடந்தவரை சொல்கிறேன். நேற்று சாயங்காலம் ஒரு கொடியில் முதல் பெண்மொட்டு திரண்டிருந்தது. விடிந்ததும் விரிந்துவிடும். வேறு ரகப் பூவின் மகரந்தத்தோடு வண்டு வந்து விதையைக் கலப்பாக்குவதற்குள், அதே கொடியின் ஆண்பூவைப் பறித்துத் தடவி, இதழை நூலால் கட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் ரெபேக்கா ரயிலில் இருப்பாள். லீவெல்லாம் தீர்ந்துவிட்டது.

"மாணிக்கராஜ் அங்கிள கூப்புடலாம்" என்றார் இசபெல்லா. "என் கையால வேணாம் கண்ணு. மறுபடியும் நான் எதுனா கெடுத்துட்டன்னா? பயமாக்கீது."

ரெபேக்கா நூற்கண்டை அம்மாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள். "அங்கிள்லாம் வேணாம். நீதான் கட்டணும் மம்மி."

இப்போது மணி ஆறு. ரயில் போய்விட்டது. என் ஜன்னலுக்கு வெளியே இசபெல்லா கொடியின் முன் குந்தியிருக்கிறார். பூ விரிந்துவிட்டது. அவர் ஆண்பூவைப் பறிக்கிறார்.

காய் பிடிக்குமா, அதன் பிள்ளைகள் எந்தக் கெட்டுப்போன மண்ணில் யாருக்குச் சோறாகும் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் தலையிடமாட்டேன். ஆனால் பூவைக் கட்டுவது இசபெல்லாதான். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.