ஊருக்கெல்லாம் ஒரே வடிகட்டி

வண்டியின் புகைக்குழாயில் கருவியைச் சொருகிய ஆள் திரையைப் பார்த்தான். தொக்தோ அந்த ஆளின் முகத்தைப் பார்த்தான். திரையில் ஓடும் எண்கள் அவனுக்குப் புரியாது, முகம் புரியும். பரிசோதகன் உதட்டைப் பிதுக்கியதுமே தொக்தோவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"தேறலண்ணே. போன தடவைய விட மோசம்."

"எப்பிடிப்பா? பிளக் எல்லாம் மாத்தியாச்சு. ஏர் ஃபில்டர் புதுசு. பெட்ரோல்ல கலக்குற மருந்து வேற ஊத்தியிருக்கேன்."

"அந்த மருந்த நீங்க குடிச்சிருந்தாலும் இதே நம்பர்தான் வந்திருக்கும். வண்டிய எடுங்க, பின்னால வரிசை நிக்குது."

உலான்பாத்தரில் குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் இந்த வருடத்துப் புகைச் சோதனைச் சீட்டு ஒட்டாத வண்டியைப் போக்குவரத்துக் காவலர்கள் பிடித்தால் நம்பர் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தொக்தோவின் பிழைப்பே அந்த வண்டிதான். சாலையோரம் யார் கை நீட்டினாலும் ஏற்றிக்கொள்வான். அந்த ஓட்டத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. சீட்டு இல்லை என்றால் சவாரி இல்லை. பனிக்காலம் முழுவதும் மனைவியின் முகத்தையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மகள் நந்தினின் முகத்தைப் பார்க்க அவனுக்கு ஏற்கெனவே தைரியம் இல்லை. மழலையர் பள்ளிக்குப் போகும் குழந்தை, குளிர்காலம் வந்தால் நாய் குரைப்பதுபோல் இருமும். போன வாரம்தான் வட்டார மருத்துவமனையில் டாக்டர் செவ்ஜித் அம்மாள் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பெற்றவர்களைப் பிடி பிடியென்று பிடித்தார்.

"புகை ஆகாதுன்னு எத்தன வருஷமா சொல்றேன்? ஜன்னல சாத்தி வைங்க. வெளிய விடாதீங்க. மலை மேல கூடாரம் போட்டிருக்கிறவங்க கண்டதையும் எரிக்கிறாங்க. நாம என்ன பண்ணித் தொலைக்கிறது?"

"ஆமா டாக்டர், அவங்களாலதான்," என்று தொக்தோவும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தான். ஊரில் எல்லோருக்கும் இந்த வசதி உண்டு. புகை என்று யார் வாயைத் திறந்தாலும் கை தானாக மலைப்பக்கம் நீளும். அடுப்புக்கு நிலக்கரி தவிர வேறு கதியில்லாத ஏழைகள் மேலே இருக்கிறார்கள். பழியைப் போட அவர்களைவிட வாகான ஆள் யார் கிடைப்பார்?

இரண்டாவது முறையும் தோற்றுப்போன வண்டியை நேராக ஜர்கலின் பட்டறைக்கு விட்டான் தொக்தோ. ஜர்கல் கெட்டிக்காரன், வாய்க்காரன். ஒரு கையில் இறைச்சி அடைத்த பொரித்த ரொட்டியோடு, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்குள் இறங்கினான். வண்டியின் அடிவயிற்றில் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினான். 'ணங் ணங்' என்று வெறும் தகர டப்பாவைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. ஜர்கலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, பிளக்க மாத்தினேன், மருந்து ஊத்தினேன்னு சொல்றீங்களே, முக்கியமான உறுப்பே இல்லாம வண்டி ஓட்டிட்டிருக்கீங்க. புகைய வடிகட்டுற கன்வெர்ட்டர் எங்க? வெறும் கூடுதான் இருக்கு. உள்ள இருந்தத எவனோ வழிச்சு எடுத்துட்டான்."

"எவன்டா எடுத்தான்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

தொக்தோவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. போன குளிர்காலத்தில் ஒருவன் வீடு வீடாக வந்தான். வண்டிக்கு அடியில் வேலைக்காகாத சாமான் ஒன்று இருக்கிறது, எடுத்துவிட்டால் வண்டி லேசாக ஓடும், பெட்ரோலும் மிச்சமாகும், கையில் ரொக்கம் தருகிறேன் என்றான். குப்பைக்குப் பணம் தருகிறானே, பாவம் முட்டாள் என்று தொக்தோ மனதுக்குள் சிரித்தான். அதற்குள் தங்கத்தைவிட உசத்தியான உலோகம் பூசியிருக்கும் என்பது அவனுக்கு எங்கே தெரியும்? வாங்கிய பணத்தில் நேராகக் கடைக்குப் போய், நந்தின் படுக்கும் அறையில் வைக்கக் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று வாங்கிவந்தான். அன்றைக்கு அவன் மனைவி ஸோலோங்கோ அவனைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. உலகத்திலேயே நல்ல தகப்பன் இவன்தான் என்கிற பார்வை அது.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதைதான். குழியோரம் குனிந்து அந்த வெறும் கூட்டை ஒருமுறை பார்த்தான் தொக்தோ.

"புதுசு போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டான்.

ஜர்கல் விலையைச் சொன்னான். தொக்தோ பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அட, இதுக்குப் போய் உக்காந்துட்டீங்களே! நான் எதுக்கு இருக்கேன்? எங்கிட்ட நல்லது ஒண்ணு இருக்கு. நட்டு போட்டு மாட்டுற மாதிரி பண்ணி வெச்சிருக்கேன். காலைல மாட்டுவேன், நீங்க போய்ச் சோதனைய முடிச்சிட்டு வாங்க, கழட்டிக்கிறேன். அரை நாள் வாடகை. முன்பணம் மட்டும் கொஞ்சம் கனமா வெக்கணும். திரும்பி வரும்போது குடுத்துடுவேன்."

"இது தப்பில்லையா?"

"தப்புன்னா இந்தத் தெருவே ஜெயில்ல இருக்கணும். ஊர்ல பாதிப் பேரு ஓட்டுறது இதே வண்டிதான். எல்லாத்துக்கும் பொருந்தும். நாளைக்கே நாலு பேரு சொல்லி வெச்சிருக்காங்க. மொத ஆளா உங்கள விடுறேன், போதுமா?"

ஊரோடு ஒத்து வாழ் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மைத்துனனிடம் கைமாற்று வாங்கி முன்பணம் கட்டினான் தொக்தோ. அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த அறையில் நந்தின் இருமும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். "என்னங்க ஆச்சு?" என்று கேட்ட ஸோலோங்கோவிடம் வண்டியில் ஏதோ பழுது, சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னான். விடிந்ததும் அவள் வழக்கம்போல் சக்கரங்களில் பால் தெளித்து, நல்லபடியாகப் போய்வரச் சொன்னாள். அந்தப் பாலைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

வண்டி தேறிவிட்டது. நேற்று உதட்டைப் பிதுக்கிய அதே பரிசோதகன், "அட, குழந்த மூச்சு மாதிரி வருதே! என்ன பண்ணினீங்க?" என்று வியந்துகொண்டே கண்ணாடியில் சீட்டை ஒட்டினான். தொக்தோ பல்லைக் காட்டிவிட்டு வெளியே வந்தான். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒட்டிய சீட்டின் பக்கம் கண் போகாமல் வண்டியை ஓட்டினான்.

பாதி வழியில் ஸோலோங்கோ போன் செய்தாள்.

"ஏங்க, நந்தின ஸ்கூல்லருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கேட்டேன், செவ்ஜித் டாக்டர் இன்னைக்கு லீவாம். வேற டாக்டர்னா சாயங்காலம் ஆகுமாம். சீக்கிரம் வாங்க."

"இதோ, ஒரு சாமானக் குடுத்துட்டு வந்துடுறேன்," என்றான். சொல்லும்போதே வண்டியை விரட்டினான். மதியத்துக்குள் திருப்பித் தராவிட்டால் முன்பணம் போய்விடும் என்று ஜர்கல் கறாராகச் சொல்லியிருந்தான்.

பட்டறை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் இவன் வண்டியின் கூடப்பிறந்தவை. எல்லாம் எஞ்சினை அணைக்காமல் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டிருந்தன. ஒரு சக்கர நாற்காலிக்காக நோயாளிகள் வரிசையில் நிற்பதுபோல் அந்த ஒரே வடிகட்டிக்காகக் காத்திருந்தார்கள். வரிசையின் முதல் வண்டியில், கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் செவ்ஜித்.

தொக்தோவுக்கு முதலில் வந்தது ஆத்திரம். மூச்சு வாங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு என் மனைவி தவிக்கிறாள், நீ இங்கே ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வாடகை வடிகட்டிக்கு நிற்கிறாயா என்று கத்தத்தான் அவர் வண்டியின் கண்ணாடியைத் தட்டினான். கண்ணாடி இறங்கியது. அந்த அம்மாளின் முகம் சிவந்து, பார்வை மடியில் விழுந்தது. அந்த முகத்தை அவனுக்குத் தெரியும். காலையில் பரிசோதகன் முன்னால் பல்லைக் காட்டிய தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"டாக்டர், நந்தினுக்கு மூச்சு வாங்குது. நீங்க லீவுன்னாங்க," என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இந்த வண்டிய வாங்கும்போதே வடிகட்டி இல்ல," என்றார் மெல்ல. "தெரிஞ்சுதான் இருந்தேன். வண்டி ஓடுதேன்னு விட்டுட்டேன். எத்தன குழந்தைங்க நெஞ்ச இந்தக் காதால கேட்டிருக்கேன்..."

அதற்குள் ஜர்கல் ஸ்பேனரோடு வந்துவிட்டான். "என்னண்ணே, பாஸா? வாழ்த்துகள்! குழிக்கு விடுங்க, கழட்டணும். டாக்டரம்மா காத்திட்டிருக்காங்க."

"கழட்டாத."

"என்னது?"

"கழட்டாதடா. அது எனக்கு வேணும். முன்பணத்த நீயே வெச்சுக்க, மீதிய மாசா மாசம் குடுத்துடுறேன்."

ஜர்கல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "அண்ணே, வயித்துல அடிக்காதீங்க! அது வித்துத் தீர்க்கிற சாமானா? பொன்முட்ட போடுற வாத்து! சீட்டுதான் ஒட்டியாச்சே, இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒருத்தன் உங்கள கேக்க மாட்டான். அப்புறம் எதுக்கு?"

"கேக்க ஆள் வீட்ல இருக்கு. மூச்சு விட முடியாம கேக்குது."

வரிசையில் ஹாரன் சத்தம் கிளம்பியது. மூன்றாவது வண்டிக்காரன் தலையை வெளியே நீட்டினான். "என்னய்யா அங்க பஞ்சாயத்து? என் தேதி இன்னையோட முடியுது!"

டாக்டர் செவ்ஜித் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "ஜர்கல், அத அவருக்கே குடுத்துடு. எனக்குப் புதுசா ஒண்ணு வரவழைச்சுக் குடு. அதுவரைக்கும் என் வண்டி இங்கயே நிக்கட்டும்."

"டாக்டரம்மா, உங்களுக்கு வேணாம்னா எனக்கு வேணும்!" என்று கத்தினான் மூன்றாவது வண்டிக்காரன்.

தொக்தோ திரும்பினான்.

"எதுக்குய்யா வேணும்? சோதனைல பாஸாகுறது உன் வண்டியா? இந்த ஒரு துண்டு இரும்புதான் நம்ம எல்லாருக்கும் பதிலா தினம் தினம் பாஸாகுது! சோதிக்கிறவன ஏமாத்திட்டோம்னு சிரிக்கிறோம். அவன் நம்பரத்தான் பாக்குறான். சாயங்காலமானா வீட்டுக்குப் போயிடுவான். மலை மேல இருக்கிறவன் குளிருக்கு எரிக்கிறான், அவனுக்கு வேற வழி இல்ல. நாம வழியிருந்தும் வித்துத் தின்னோம். நானும்தான் வித்தேன். சட்டத்த ஏமாத்தலாம்யா, புள்ளைங்க நெஞ்ச ஏமாத்த முடியாது."

ஹாரன் நின்றது. மூன்றாவது வண்டிக்காரன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். ஜர்கல் மட்டும், "மாசம் தப்பினா வீட்டுக்கே வந்து கழட்டுவேன்," என்று முனகிக்கொண்டே ஸ்பேனரைப் பையில் போட்டான்.

டாக்டர் தன் வண்டியிலிருந்து மருந்துப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நேரமாகுது, வாங்க. நந்தின நான் வீட்லயே பாத்துடுறேன். உங்க வண்டியிலயே போயிடலாம். இந்தத் தெருவுல குழந்தையப் பாக்கப் போற யோக்கியத இப்போதைக்கு அந்த வண்டிக்கு மட்டும்தான் இருக்கு."