போட்டோக்காரன் வரட்டும்

பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் ரோட்டில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் உரசாமல் போய்விடலாம். அவ்வளவுதான் அகலம். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று எல்லைப் போராட்டம் நடந்த வருடங்களில் அந்த அகலமும் போதவில்லை. காலையில் தமிழ்க் கட்சிக்காரர்கள் கொடி பிடித்துக்கொண்டு போவார்கள். மத்தியானம் அதே வழியில் இன்னொரு கூட்டம் மலையாளத்தில் கோஷம் போட்டுக்கொண்டு வரும். மைல்கல்லில் தமிழ் எழுத்தின்மேல் ஒருவன் தார் பூசினால், மறுநாள் மலையாள எழுத்தின்மேல் இன்னொருவன் சாணி அப்பியிருப்பான். சாராம்மாவின் வீடு ரோட்டை ஒட்டி இருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் அவளுடைய வேலியோரத்தில்தான் ஒண்ணுக்கு இருந்தார்கள். வெயில் ஏறினால் அடுப்படி வரைக்கும் அந்த நாற்றம் வரும். நாடு யாருக்குப் போனாலும் இந்த மூத்திரவாடை போகாது என்று அவள் பக்கத்து வீட்டு அம்மிணியிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

அவளுடைய கணவன் அருமநாயகம் மாட்டுவண்டிக்காரன். காரக்கோணம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மரச்சீனிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் போவான். எந்தக் கட்சியிலும் இல்லை. மைக்செட் ஏற்றிப்போக யார் கூப்பிட்டாலும் வண்டி பூட்டுவான். கிழங்கு வாங்குகிறவன் எந்தப் பாஷையில் விலை கேட்கிறானோ அந்தப் பாஷையில் பதில் சொல்லுவான்.

மார்த்தாண்டத்தில் போராட்டக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய பிறகு ரோட்டில் போலீஸ் வேன்கள் ஓயாமல் ஓடின. ஒருநாள் காலையில் சாராம்மா சாளை மீன் உரசிக்கொண்டிருந்தபோது ஈசாக் ஓடிவந்தான். அருமநாயகத்தின் சித்தப்பா மகன், பனையேறி. வேன் தட்டி வண்டி கவிழ்ந்துவிட்டது, அண்ணனுடைய கால் சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்றான். மரத்தின்மேல் இருந்து அவன் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். அருமநாயகம் வண்டியிலேயே தூங்கிவிட்டான், மாடுகள் நடு ரோட்டுக்கு வந்துவிட்டன, வேன்காரன் ஒடித்துப் பார்த்தும் தட்டிவிட்டது, நிறுத்தாமல் போய்விட்டான்.

அவள் மீன் செதில் ஒட்டின கையோடு ஓடினாள். அங்கே ஏற்கனவே ஒரு கூட்டம் நின்றது. தமிழ்க் கட்சியின் வட்டாரச் செயலாளர் சுந்தரதாஸ் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் மிதிக்காமல் நின்று கொண்டிருந்தார். உதியன்குளங்கரையில் துணிக்கடை வைத்திருக்கிறவர். அவர் வந்த வாடகைக் கார் ரோட்டோரம் நின்றது. அருமநாயகம் நினைவில்லாமல் கிடந்தான். கால்முட்டுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. ஈ மொய்த்தது.

ஈசாக் ஒரு நார்க்கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுந்தரதாஸின் ஆட்கள் இரண்டுபேர் அவன் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார்கள். சாராம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கார்தான் நிற்கிறதே, ஏற்றவேண்டியதுதானே என்று கேட்டாள்.

சுந்தரதாஸ் பக்கத்தில் வந்து, துக்கவீட்டில் பேசுகிற மாதிரி தணிந்த குரலில் சொன்னார்.

“தங்கச்சி, கொஞ்சம் பொறுக்கணும். குழித்துறையிலேருந்து போட்டோக்காரன் வாறான். அவன் வரட்டும். நாளைக்குப் பேப்பர்ல வந்தா நாடே பாக்குமாக்கும்.”

அவள் அவருடைய காலில் விழுந்தாள். பிறகு எத்தனையோ வருடங்கள் அந்த ஒரு விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. செதில் ஒட்டின விரல்களால் அந்த ஆளுடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு அழுதோமே என்று. அவர் குனிந்து அவளைத் தூக்கி, கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, வேண்டாம், துடைக்க வேண்டாம் என்றார்.

வெயில் ஏறியது. யாரோ கவிழ்ந்த வண்டியில் கொடி ஒன்றைச் சொருகினார்கள். சிதறின கிழங்கில் நல்லதைப் பொறுக்கி இரண்டுபேர் துண்டில் கட்டிக்கொண்டார்கள். ஈ மொய்ப்பது பொறுக்காமல் சாராம்மா தன் தோளில் கிடந்த மேல்துணியை எடுத்துக் காயத்தை மூடினாள். போட்டோக்காரன் வந்து இறங்கியதும் சுந்தரதாஸ் முதலில் செய்தது, அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கி அப்பால் போட்டது.

“காயம் தெரியணும்” என்றார்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் முட்டுக்கு மேலே வைத்து அறுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் இவ்வளவு மேலே போயிருக்க வேண்டாம் என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னார். சாராம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது. மூன்றாம் நாள் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டினதாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். கைநாட்டு வைத்தால் போதும் என்றார். அருமநாயகம் ஒருநாளும் குடித்தவனில்லை என்று அவள் மறுத்தாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகும்போது ஆரஞ்சுப் பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அவள் வீடு திரும்பியபோது ரோட்டோரத்து மரங்களிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. உதியன்குளங்கரையிலிருந்து தொடங்கி ஒரு மரம் விடவில்லை. நோட்டீஸில் அருமநாயகத்தின் கால். அதன் பக்கத்தில் அவள், மேல்துணி இல்லாமல், வாய் திறந்து, ஒரு மிருகம் மாதிரி. சிலவற்றில் மற்றக் கட்சிக்காரர்கள் சாணி அடித்திருந்தார்கள். ஒன்றில் யாரோ வெற்றிலை எச்சிலை அவள் நெஞ்சுக்குக் குறிபார்த்துத் துப்பியிருந்தான். அவள் வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள். மரம் மரமாகப் போய் தன் முகத்தைச் சுரண்டினாள். பட்டையோடு வந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். அம்மிணி வெளியே வந்தாள். தன் வீட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு எதிர்ப்புற மரங்களில் சுரண்டத் தொடங்கினாள்.

அருமநாயகம் கக்கத்தில் ஊன்றுகட்டையோடு வீட்டுக்கு வந்தபோது ஒரு தியாகியாக வந்தான். காளைகளை விற்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்சியின் கார் வரும். களியக்காவிளை, குழித்துறை என்று கூட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆரம்பத்தில் வேன் தட்டிவிட்டது என்றுதான் பேசினான். அப்புறம் வேண்டுமென்றே தட்டினார்கள் என்றான். அதற்கப்புறம் வேன் திரும்பிவந்து இன்னொருமுறை ஏறியது. கழுத்தில் விழுந்த ஒவ்வொரு மாலைக்கும் கதை கொஞ்சம் நீண்டது. பட்டினி கிடக்கிற வீட்டில் அவன் மாலைகளை ஆணியில் தொங்கவிட்டான். அவை அங்கேயே அழுகின.

சாராம்மா தினமும் வேப்பிலை போட்டுக் காய்ச்சின வெந்நீரில் அந்தக் குறைக்காலைக் கழுவித் துடைப்பாள். அது நன்றாக ஆறிவந்தது. ஆனால் திங்கட்கிழமைகளில் மட்டும் மறுபடியும் சிவந்து நீர் கோத்திருக்கும். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கஞ்சியோடு உள்ளே வந்தவள் பார்த்தாள். அருமநாயகம் கண்ணாடியைக் காலுக்கு நேரே சாய்த்து வைத்து, கட்டைவிரல் நகத்தால் தழும்பைக் கீறிக்கொண்டிருந்தான். ரத்தம் துளிர்த்ததும் தலையைச் சாய்த்து, போதுமா என்று பார்த்தான்.

கஞ்சியை அப்படியே வாசலில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் அவள் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் காலை அவள் தொடவில்லை. வெந்நீர் மட்டும் வைத்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் உதியன்குளங்கரையில் ரோட்டை மறித்துப் பெரிய கூட்டம் போட்டார்கள். தியாகியின் மனைவியும் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று சுந்தரதாஸ் வீடுதேடி வந்து கேட்டார். அவள் சரி என்றது அருமநாயகத்துக்கே ஆச்சரியம். சேலை ஒன்று கொண்டுவந்திருந்தார். அவள் அதை உடுத்தவில்லை.

மேடையில் ஏறினாள். மைக்கைப் பார்த்து அல்ல, சுந்தரதாஸைப் பார்த்தே பேசினாள்.

“இவரு வண்டியில ஒறங்கிப்போனாரு. வேன் தட்டிச்சு, நிக்காமப் போச்சு. அது அவனுக்க பாவம். ஆனா கார் பக்கத்துல நின்னுது. நான் நிங்களுக்க கால்ல விழுந்தேன். போட்டோக்காரன் வரட்டும்னு சொல்லி, இவர வெயில்ல போட்டிருந்தீங்க. ஈ மொய்ச்ச காலுக்கு நான் போட்ட துணியவும் எடுத்து எறிஞ்சது நிங்கதான். முட்டு போனது அதுனாலயாக்கும்.”

மைக் அணைந்தது. யாரோ ஒருவன் கோஷத்தைத் தொடங்கினான், கூட்டம் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குள்ளே அருமநாயகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் நினைவில்லாமல் கிடந்தவன். ரோட்டில் காத்துக் கிடந்த விஷயம் அவனுக்குத் தெரியாது. அழவைத்து என்ன ஆகப்போகிறது என்று அவளும் ஈசாக்கும் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் ஈசாக்கைக் கூப்பிட்டனுப்பினான். ஈசாக் தரையைப் பார்த்துக்கொண்டு, மைனி சொன்னது சரிதான் என்றான். கட்டிலோடு வந்த தன்னைத் தடுத்தவர்கள் பெயரையும் சொன்னான். அதில் ஒருவன்தான் இப்போது கார் ஓட்டிக்கொண்டு வருகிறவன். அருமநாயகம் அன்று சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தான். தோள் குலுங்கியது. சாராம்மாவுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு அவன்மேல் இரக்கம் வந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதிவிட்டாள். இனி யார் தயவும் வேண்டாம், தான் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் ஹார்ன் சத்தம் கேட்டது. இந்த ஊர்ப்பக்கக் கூட்டமில்லை, தூரத்தில் ஒரு கூட்டம், அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று வந்தவன் வாசலில் நின்று சொன்னான். அருமநாயகம் எழுந்து உட்கார்ந்தான். பிறகு கட்டையைத் தேடினான்.

“போகப் போறீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“எடியே, எனக்கு வேற என்ன உண்டு? அங்க போனா நாலுபேரு எழும்பி நிக்கியானுவ. இங்க இருந்தா நான் நொண்டி.”

அவன் போய் ஏறிக்கொண்டான். கட்டிலைத் தடுத்த அதே ஆள் கதவைத் திறந்து பிடித்தான். அருமநாயகம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே உட்கார்ந்தான். சாராம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுந்தரதாஸிடம்கூட அவளுக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

ஐம்பத்தாறு நவம்பரில் எல்லை பிரித்தார்கள். விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போயிற்று. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் மலையாளப் பக்கமே நின்றன. சுந்தரதாஸ் துணிக்கடையின் பெயர்ப்பலகையை மலையாளத்தில் எழுதி மாட்டினார். போலீஸ்காரர்களுக்கு அங்கே விலை குறைவு என்று பேசிக்கொண்டார்கள். கார் வருவது நின்றது. யாரும் வந்து சொல்லவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, அவ்வளவுதான். அருமநாயகம் வெள்ளைச் சட்டை போட்டு மத்தியானம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தான். அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தான்.

ரோட்டை அகலப்படுத்தும் வேலை வந்தபோது சாராம்மா சல்லி உடைக்கப் போனாள். அம்மிணியும் கூட வந்தாள். ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுப் பக்கம் திரும்பும்போது சுந்தரதாஸின் புதிய கார், வேறொரு கட்சியின் கொடியோடு, அந்த வழியாக வந்தது. வேலியோரம் உட்கார்ந்திருந்த அருமநாயகம் கம்பை ஊன்றி எழுந்து, கையைத் தூக்கி, சிரித்தான். கார் வேகம் குறையவில்லை. புதிதாய்க் கொட்டின செம்மண்ணெல்லாம் கிளம்பி அவன்மேல் அடித்தது. சிரித்த வாய் நிறைய மண்.

அவன் துப்பினான், இருமினான், மறுபடியும் துப்பினான். சாராம்மா உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவன் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையில் ஒட்டின கல்தூசியைத் தட்டிவிட்டு, அடுப்பு மூட்டப் போனாள்.